ரத்தத்துல பாட்டு ஓடாது அண்ணே!

டிஸ்கி: எனக்கு சங்கீதம் தெரியாது. பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். சுருதிப் பெட்டிக்கும் சுவிட்ச் போர்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சதே பெரிய விஷயம். இசை விமர்சனம்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிச்சு விட்டுடுங்க. இது சண்டை. கொஞ்சம் நீளமான சண்டை. ஆணி அதிகமா இருக்கிறவங்க வீட்டுக்குப் போய்ப் படிக்கவும்.

போன வாரம் ஆபீஸ் கேப்ல வந்துட்டிருக்கோம். சோழிங்கநல்லூர் சிக்னல். வழக்கம்போல வண்டி நகரல. டிரைவர் அண்ணன் பெரிய மனசு பண்ணி ஸ்பீக்கரை என் போனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். 'யங்கர்'னு ஒரு பாட்டு ஓடுது. முன் சீட்டுல எங்க டீம் சீனியர். பத்து வருஷம் மூத்தவர், அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். காதைத் தீட்டிக்கிட்டுத் திரும்பினார்.

"யாருய்யா இது? குரல் சும்மா கும்முனு இருக்கு?"

"செய்னாபோ சே. ஸ்வீடன் பாடகிண்ணே."

"ஸ்வீடனா? அந்த ஊர்க் குரல் மாதிரி இல்லையே."

"அப்பா காம்பியாக்காரர்ணே. மேற்கு ஆப்பிரிக்கா."

"அதானே பார்த்தேன்! ரத்தத்துலயே இருக்குய்யா. இல்லன்னா சோல் எல்லாம் வருமா?"

பின் சீட்டுல இருந்து ஒருத்தன், "ஸ்வீடன்ல சோலா? பார்ட் பார்ட்டா டப்பாவுல வரும், வீட்டுல நாமளே ஸ்க்ரூ போட்டு மாட்டிக்கணுமா?"ன்னான். வண்டியே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அதுதான் எனக்கே ஆகல. ராத்திரி வீட்டுக்கு வந்து ரெண்டு மணி வரைக்கும் தூக்கமில்லாம, அந்த கேப்ல சொல்ல வேண்டியதை எல்லாம் இங்கே கொட்டிட்டிருக்கேன்.

முதல்ல ஆள் யாருன்னு சொல்லிடறேன். செய்னாபோ சே, 1990-ல ஸ்டாக்ஹோம்ல பொறந்தவங்க. ('சே'ங்கிறது குடும்பப் பேரு மக்களே, சலிச்சுக்கலை.) அம்மா மேடலின், ஸ்வீடன்காரங்க. அப்பா மௌடோ சே, காம்பியாவுல இருந்து வந்து ஸ்வீடன்ல இசைக் கலைஞரா இருந்தவர். பொண்ணு வளர்ந்தது பெரும்பாலும் ஹால்ம்ஸ்டாட்ங்கிற மேற்குக் கடற்கரை ஊர்ல. 2013-ல 'யங்கர்' தனிப்பாட்டா வந்தது. நார்வேக்காரர் கைகோ அதை ரீமிக்ஸ் பண்ணி விட்டதும் ஊரெல்லாம் பரவிச்சு. அப்புறம் ரெண்டு குறுந்தட்டு. 2015 அக்டோபர்ல 'ப்ரிடெண்ட்'ங்கிற முழு ஆல்பம், ஸ்வீடனைத் தாண்டி வெளிநாட்டுச் சந்தைக்கும் போன முதல் ஆல்பம். 2015 கிராமிஸ் விருதுல சிறந்த புதுமுகம். (கிராமிஸ்ங்கிறது ஸ்வீடன் நாட்டு விருது. அமெரிக்க கிராமியோட குழப்பிக்காதீங்க, பேரு மட்டும்தான் ஒட்டிப்பிறந்த மாதிரி இருக்கு.)

இப்ப அண்ணனோட ரத்த ஆராய்ச்சிக்கு வருவோம்.

இந்த ஹால்ம்ஸ்டாட் இருக்கே, அதே ஊர்ல பொறந்த இன்னொருத்தர் பெர் கெஸ்லே. ராக்ஸெட் குழுவோட பாட்டு எழுத்தாளர். 'லிசன் டு யுவர் ஹார்ட்' எல்லாம் நம்மூர் ஹாஸ்டல் ரூம்ல கிடார் வாங்கினவன் எல்லாம் கொலை பண்ண பாட்டு. கெஸ்லே பத்தி எழுதறப்போ யாராவது "அவர் ரத்தத்துல மெலடி ஓடுது"ன்னு எழுதிப் பார்த்திருக்கீங்களா? அப்பா குழுவுக்கு "வைக்கிங் ரத்தம், அதான் கோரஸ் அள்ளுது"ன்னு எவனாவது சொன்னானா? மாட்டான். அவங்களுக்கு 'பாட்டு எழுதற திறமை', 'ஸ்டூடியோ உழைப்பு', 'காது'. கறுப்புத் தோல்னு தெரிஞ்ச அடுத்த நொடி மட்டும் 'ரத்தம்'. ஒரே ஊரு, ஒரே கடல் காத்து. ஒருத்தருக்கு உழைப்பு, இன்னொருத்தருக்கு பயாலஜி. எப்படி இருக்கு கதை?

சரி, ரத்தம்னே வச்சுக்குவோம். எந்த ரத்தம்? முதல் குறுந்தட்டுக்கு இவங்க வச்ச பேரு 'ஃபார் மேடலின்', 2014. அம்மாவுக்கு. ரெண்டாவதுதான் 'ஃபார் மௌடோ', 2015. அது வந்தப்போ அப்பா உயிரோட இல்லை. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு தட்டுன்னு பொண்ணு கணக்கா பங்கு போட்டுக் கொடுத்திருக்கு. நம்மாளுங்க அம்மா பங்கைச் சத்தமில்லாம அமுக்கிட்டு அப்பா பங்கை மட்டும் எடுத்து 'ரத்தம்'ங்கிறாங்க.

அதை விடுங்க. மௌடோ சே பாடினது என்ன? வோலோஃப் மொழியில. செனகல், காம்பியா பக்கத்துப் பாட்டு. அங்கே சபார்னு ஒரு பறை வகை இருக்கு, ஒரு கையில குச்சி, இன்னொரு கை வெறுங்கை. அதை அடிப்படையா வச்சு ம்பலாக்ஸ்னு ஒரு இசை வளர்ந்தது. டக்கார் நகரத்து யூசு ந்தூர் அதை உலகம் பூரா கொண்டு போனார். அது ஒரு மரபு. சோல் வேற ஊரு, வேற கதை. சோல் அமெரிக்காவுல பொறந்தது. அடிமைகளாக் கொண்டுவரப்பட்டவங்களோட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தேவாலயத்துல பாடின காஸ்பெல்லையும் ராத்திரி கிளப்ல ஓடின ரிதம் அண்ட் புளூஸையும் ஒண்ணாக் கலந்து 1950-கள்ல உண்டாக்கினது. ரே சார்ல்ஸ் கலந்தப்போ, சாமி பாட்டை இப்படிக் கெடுக்கிறானேன்னு சர்ச்சுக்காரங்களே திட்டியிருக்காங்க. டெட்ராய்ட், மெம்ஃபிஸ், சிகாகோ. அந்த ஊர்களோட பிரிவினைச் சட்டம், ஃபேக்டரி வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு எல்லாம் சேர்ந்தது. காம்பியாவுல இருந்து ஸ்வீடனுக்கு வந்த ஒருத்தரோட ரத்தத்துல டெட்ராய்ட் சர்ச்சு எப்படிங்க ஏறும்? ரத்தம்தான் கணக்குன்னா இந்தப் பொண்ணு சபார் வாசிச்சிருக்கணும். செய்யல. டிவியில அலிஷா கீஸ், பியான்ஸேன்னு பார்த்து வளர்ந்துச்சு, அவங்க அமெரிக்கப் பாட்டைப் படிச்சுது. நாம கம்ப்யூட்டர் படிச்ச மாதிரி, உக்காந்து படிச்சுது.

இன்னொண்ணு சொல்லட்டுமா? அந்த அமெரிக்க சோலே ரத்தத்துல ஓடல. மெம்ஃபிஸ்ல ஸ்டாக்ஸ் கம்பெனியோட வீட்டுக் குழு புக்கர் டி அண்ட் தி எம்ஜீஸ். புகழ்பெற்ற நாலு பேர் வரிசையில ரெண்டு பேர் கறுப்பர், ரெண்டு பேர் வெள்ளைக்காரர். கிடார் வாசிச்ச ஸ்டீவ் கிராப்பர் வெள்ளைக்காரர். 1967-ல அரீதா ஃப்ராங்க்ளின் அலபாமா மாநிலத்து மஸில் ஷோல்ஸுக்குப் போய் ரெக்கார்டிங் பண்ணினாங்களே, சுத்தி வாசிச்ச ரிதம் பசங்க உள்ளூர் வெள்ளைக்காரப் பசங்க. பாட்டைக் கேட்டுட்டு வாசிச்சவங்க கறுப்பர்னு நினைச்சவங்க நிறைய. அரீதாவுக்கு அந்தக் குரல் எங்கே இருந்து வந்தது? அவங்க அப்பா டெட்ராய்ட்ல பாதிரியார், பெரிய சபை, சின்ன வயசுல இருந்து வாராவாரம் அந்தக் கூட்டத்து முன்னாடி பாடினாங்க. வாராவாரம்! அதுக்குப் பேரு ரத்தமா, ப்ராக்டீஸா?

இங்கே ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடணும், இல்லன்னா எதிர்ப்பக்கம் சறுக்கிடுவேன். சோல் யார் வேணா பாடலாம், அதுக்கும் கறுப்பர் வரலாறுக்கும் சம்பந்தமில்லைன்னு நான் சொல்லலை. அது முழுக்க முழுக்க அவங்க உண்டாக்கினது, பட்ட பாட்டுல இருந்து உண்டாக்கினது. அது வரலாறு. வரலாறை மனுஷன் கத்துக்கணும், சுமக்கணும், அடுத்தவனுக்குக் கையில கொடுக்கணும். ரத்தம்னு சொன்னா அந்த வேலை பூராவும் மாயமாப் போயிடுது, அதைத்தான் சொல்றேன்.

நிற்க. அப்பாகிட்ட இருந்து ஒண்ணுமே வரலியான்னு கேப்பீங்க. வந்துச்சு, நிறைய வந்துச்சு. வீட்டுல ஒருத்தர் பாட்டையே தொழிலா வச்சிருந்தா அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்னு யோசிச்சுப் பாருங்க. பாட்டு பாடறது ஒரு வேலைன்னு தெரியும். கச்சேரிக்கு முன்னாடி சாமான் தூக்கணும்னு தெரியும். காசு வராத மாசமும் உண்டுன்னு தெரியும். எங்க வீட்டுல எல்லாம் 'பாடகர்'ங்கிறது டிவிக்குள்ள இருக்கிற ஜாதி. நேர்ல ஒருத்தரைப் பார்த்ததே காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல. இந்த வித்தியாசம் பெரிசு. ஆனா இது வீட்டோட சங்கதி, டிஎன்ஏவோட சங்கதி இல்லை.

நம்பலைன்னா ஸ்வீடன்லயே இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கு. நெனே செர்ரி. 1989-ல 'ரா லைக் சுஷி'ன்னு ஆல்பம் போட்டு உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சவங்க. செர்ரிங்கிற பேரைப் பார்த்ததும் "ஓ, ஜாஸ் ட்ரம்பெட் மேதை டான் செர்ரியோட பொண்ணா, அதான்!"ம்பாங்க நம்ம ரத்தக் கட்சிக்காரங்க. மாட்டினீங்களா? டான் செர்ரி வளர்ப்புத் தந்தை. பெத்த அப்பா அஹ்மது ஜா, சியரா லியோனில் இருந்து வந்த தாளக் கலைஞர். டான் செர்ரியும் அம்மா மோக்கியும் தென் ஸ்வீடன்ல தோகார்ப்ங்கிற கிராமத்துல ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை வாங்கி அதையே வீடா, பட்டறையா, கச்சேரி மேடையா வச்சிருந்தாங்க. மோக்கி துணியில ஓவியம் தைச்சுத் தொங்க விடுவாங்க, அதுதான் மேடைப் பின்னணி. புள்ளைங்களும் கூடவே சுத்தும். அந்த வீட்டுல வளர்ந்த இன்னொரு புள்ளை ஈகிள்-ஐ செர்ரி. அஹ்மது ஜாவோட இன்னொரு பொண்ணு டிட்டியோ, அவங்களும் ஸ்வீடன்ல பேர் வாங்கின சோல் பாடகி, 2001-ல 'கம் அலாங்' பாட்டு வெளிநாட்டுலயும் ஓடுச்சு. இதுல யாருக்கு யார் ரத்தம்னு பேப்பர் பேனா எடுத்து வரைஞ்சு பாருங்க, தலை சுத்தும். யார் எந்த வீட்டுல, யார் கச்சேரியைப் பார்த்து வளர்ந்தாங்கன்னு வரைஞ்சா ஒரே நிமிஷத்துல புரிஞ்சிடும்.

(1994-ல யூசு ந்தூரும் நெனே செர்ரியும் சேர்ந்து '7 செகண்ட்ஸ்' பாடினாங்க. வோலோஃப், பிரெஞ்சு, இங்கிலீஷ் மூணும் கலந்த பாட்டு. இத்தனை எழுதறதுக்கு நடுவுல அதை மட்டும் எட்டு தடவை கேட்டாச்சு. அதுக்குத் தனிப் பதிவு போடணும்.)

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். இந்த இடத்தைத்தான் எல்லா அறிமுகக் கட்டுரையும் ஒரு வரியில தாண்டிப் போகுது. பதினாறு வயசுல செய்னாபோ ஹால்ம்ஸ்டாட்டை விட்டு ஸ்டாக்ஹோமுக்குப் போறாங்க. எதுக்கு? ஃப்ரீஸ்ஹூசெட் பள்ளிக்கூடத்துல சோல் இசை படிக்க. ஆமாங்க, பாடமா! நம்ம பிளஸ் ஒன், பிளஸ் டூ வயசுல பயோ மேத்ஸ் எடுக்கிற மாதிரி அங்கே சோல். ஃபீஸ் கிடையாது. அந்த நாட்டுல பள்ளிப் படிப்புக்கு அரசாங்கப் பணம்.

ஃப்ரீஸ்ஹூசெட்ங்கிற பேருக்கு அர்த்தம் குளிர்பதனக் கிடங்கு. நெஜமாவே ஒரு பழைய குளிர்பதனக் கிடங்குலதான் 1984-ல ஆண்டர்ஸ் கார்ல்பெரின்னு ஒருத்தர் அதை ஆரம்பிச்சார். ஊர்ப் பசங்க பாஸ்கெட்பால் ஆடவும் பேண்ட் வாசிச்சுப் பழகவும் இடமில்லாம சுத்திட்டிருந்தாங்க. கிடங்கு சுவர் கனமானது, உள்ளே டிரம்ஸ் அடிச்சா வெளியே கேக்காது, யாரும் போலீஸுக்குப் போன் பண்ண மாட்டாங்க. (இதைவிட நல்ல இன்ஜினியரிங் டிசைன் நான் நாலு வருஷம் படிச்சதுல பார்த்ததில்லை.) அது வளர்ந்து பள்ளிக்கூடம், விளையாட்டரங்கம், கச்சேரி அரங்கம்னு பெரிய இளைஞர் மையமாச்சு. அங்கே போய் ஒரு பதினாறு வயசுப் பொண்ணு சோல் பாட்டைப் பிரிச்சு மேயறா. எங்கே மூச்சு எடுக்கணும், பின்குரல் எப்படி அடுக்கணும், பேண்டோட எப்படிச் சேரணும்.

அப்புறம்? 'யங்கர்' வர்றப்போ வயசு 23. நடுவுல ஆறேழு வருஷம். அந்த ஆறேழு வருஷத்தை யாரும் எழுத மாட்டேங்கிறாங்க. ஏன்னா அதுல கதை இல்லை. எழுதிக் கிழிச்சுப் போட்ட பாட்டுக்கு யாரு விருது குடுக்கிறா? 'ரத்தத்துலயே இருக்கு'ன்னு ஒரு வார்த்தை போட்டா ஆறேழு வருஷமும் மிச்சம். நம்ம ஆபீஸ்லயும் இதுதான் நடக்குது. ராத்திரி மூணு மணிக்கு ப்ரொடக்ஷன்ல வந்த பிரச்சனையை ஒரு பொண்ணு சரி பண்ணிட்டுப் போனா மறுநாள் மீட்டிங்ல "அவ நேச்சுரலா ஷார்ப்"ம்பாங்க. அவ படிச்ச லாக் ஃபைல் எத்தனைன்னு எவன் எண்ணினான்?

ஆல்பத்தைப் பத்தியும் சொல்லணும்ல. 'ப்ரிடெண்ட்'ல கூட வேலை பார்த்தவர் மேக்னஸ் லிடேஹேல்ங்கிற தயாரிப்பாளர். குரல் ஆழமானது, அவசரமே படாது. அதுக்குக் கீழே கனமான டிரம்ஸ், எலக்ட்ரானிக் அடித்தளம், மேலே சர்ச்சு கூட்டுப்பாடல் மாதிரி அடுக்கடுக்கா பின்குரல். 'ஹார்ட் டைம்' கேட்டுப் பாருங்க. கோபமான பாட்டு, ஆனா கத்தலே கிடையாது. மன்னிக்க முடியலைங்கிறதை ஒருத்தர் நிதானமா நின்னு சொன்னா எவ்வளவு பயமா இருக்கும்? அப்படி இருக்கும். 'பிஸ்டல்ஸ் அட் டான்' இன்னும் இருட்டு. தலைப்புப் பாட்டு மட்டும் கொஞ்சம் துள்ளல்.

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். ஒரே வேகத்துல நாலஞ்சு பாட்டு அடுத்தடுத்து வர்றப்போ எனக்குக் கொட்டாவி வந்துச்சு. எல்லாப் பாட்டுலயும் பெரிய டிரம்ஸ், பெரிய கோரஸ். சில இடத்துல தயாரிப்பு ரொம்பப் பளபளன்னு இருக்கு, குரலைத் தனியா விட்டிருக்கலாம்னு தோணும். அதே மாதிரி கைகோ ரீமிக்ஸ் மட்டும் கேட்டுட்டு "எனக்கு அந்தப் பாடகி தெரியுமே"ங்கிறவங்ககிட்ட எனக்கு வருத்தம் உண்டு. ரீமிக்ஸ்ல அது பீச்சுல குடை விரிச்சுக் கேக்கிற பாட்டு. மூலப்பாட்டுல அது வயசு போயிட்டிருக்குன்னு பயந்து தன்னையே உலுக்கிக்கிற ஒருத்தியோட பாட்டு.

இந்தக் குறையைச் சொன்னதும் பின் சீட்டுக்காரன் துள்ளுவான். "பார்த்தியா, ஃபேக்டரி! ஸ்வீடன்னாலே ஃபேக்டரி. மேக்ஸ் மார்ட்டின், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், பிரிட்னி. ஃபார்முலா." தம்பி, ஃபேக்டரிங்கிறதைத் திட்டுன்னு நினைச்சுச் சொல்றியே, சோலோட பெரிய ஃபேக்டரி எது தெரியுமா? மோட்டவுன். 1959-ல டெட்ராய்ட்ல பெர்ரி கோர்டி 800 டாலர் குடும்பக் கடன் வாங்கி ஆரம்பிச்சார். அதுக்கு முன்னாடி அவர் கார் கம்பெனி அசெம்பிளி லைன்ல வேலை பார்த்தவர். ஒரு முனையில வெறும் இரும்புச் சட்டம் போய் மறுமுனையில காரா வெளியே வருதே, பாடகர்களையும் அப்படிக் கொண்டு வரலாமேன்னுதான் கம்பெனியையே கட்டினார். நடை, உடை, பேச்சு சொல்லித்தர மேக்ஸின் பவல்னு ஒரு அம்மா. ஆட்டத்துக்கு சோலி அட்கின்ஸ். வாசிக்க ஃபங்க் பிரதர்ஸ்னு நிரந்தரக் குழு. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ் எல்லாம் இந்த லைன்ல வந்தவங்க. ஆக ஃபேக்டரியில ஆன்மா வராதுன்னா மோட்டவுனைத் தூக்கிக் கடாசணும். செய்வியா?

அந்த மேக்ஸ் மார்ட்டினும் வானத்துல இருந்து குதிக்கலை. ஸ்வீடன்ல ஊராட்சி நடத்தற இசைப் பள்ளிகள் 1940-கள்ல இருந்து பரவ ஆரம்பிச்சுது. பள்ளிக்கூடம் விட்டதும் குறைஞ்ச கட்டணத்துல வாத்தியம் கத்துக்கலாம். அங்கே பிரெஞ்சு ஹார்ன் ஊதக் கத்துக்கிட்ட பையன்தான் அவர். தனக்கு எல்லாமே அரசு இசைக் கல்வி போட்ட பிச்சைங்கிற அர்த்தத்துல அவரே சொல்லியிருக்கார்.

இதுல இன்னொரு கண்ணி இருக்கு. கல்விச் சங்கங்கள். தொழிலாளர் கல்விச் சங்கம் 1912-ல இருந்து இருக்கு. மூணு நாலு நண்பர்கள் சேர்ந்து 'படிப்பு வட்டம்'னு பதிவு பண்ணிக்கிட்டா போதும், பேண்ட் வாசிச்சுப் பழகறதும் படிப்புதான். ரூமும் ஆம்ப்ளிஃபயரும் கிடைக்கும். செலவுல பெரும்பங்கு அரசாங்க, உள்ளூர் மானியம். எத்தனை ராக், பாப், ஹிப்ஹாப் குழு அந்த அடித்தள ரூம்கள்ல இருந்து கிளம்பிச்சோ.

இங்கேதான் அண்ணே, உங்க ரத்தம் எனக்குக் கொதிப்பை ஏத்துது. ரத்தம்னு சொன்னா ஒரு வசதி இருக்கு. காசு செலவில்ல. இருக்கிறவன்கிட்ட தானா இருக்கும், இல்லாதவனுக்கு எவ்வளவு கொட்டினாலும் வராது, அப்புறம் எதுக்குப் பள்ளி, எதுக்கு ரூம், எதுக்கு மானியம்? இது கேப்ல சிரிச்சுட்டுப் போற பேச்சு மட்டும் இல்லை. 2023 இலையுதிர் காலத்துல ஸ்வீடன் அரசாங்கம் இந்தக் கல்விச் சங்கங்களுக்கான மானியத்தை 2024-ல ஆரம்பிச்சு 2026 வரைக்கும் படிப்படியாக் குறைக்கப் போறதா அறிவிச்சது. சில இடங்கள்ல பொய்க் கணக்கு எழுதி மானியம் வாங்கினது அம்பலமாகியிருந்தது, உண்மை. திருடினவனைப் பிடி. அதுக்குப் பதிலா ஒழுங்கா வாசிச்சிட்டிருந்த பசங்க ரூமுக்கும் சேர்த்துக் கை வச்சா எப்படி? இந்த இசைப் பள்ளிகளும் சொர்க்கம் இல்லை. கட்டணம் ஊருக்கு ஊர் வேற, பல இடத்துல காத்திருப்புப் பட்டியல், படிச்ச வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் சேர்றாங்க. டான் செர்ரி வீடு மாதிரி வீடு வாய்க்காத பிள்ளைக்குத்தான் இது முதல்ல தேவை, அந்தப் பிள்ளைதான் முதல்ல விட்டுப் போகுது.

நம்ம அண்ணன் இருக்காரே, அவர் பொண்ணுக்கு ஒன்பது வயசு. வேளச்சேரியில கீபோர்டு கிளாஸ். வாரம் ரெண்டு நாள் இவரே பைக்ல கூட்டிட்டுப் போய், ஒரு மணி நேரம் வாசல்ல நின்னு, கூட்டிட்டு வர்றார். அண்ணனும் பாட மாட்டார், அண்ணியும் பாட மாட்டாங்க. ஃபீஸ் மட்டும் மாசாமாசம் தவறாம கட்டறார். ஏன்ணே கட்டறீங்க? ரத்தத்துல இல்லாததுக்கு?

கடைசியா ஒண்ணு. 2016 கிராமிஸ் விழா. செய்னாபோ 'ஹார்ட் டைம்' பாட வந்தாங்க. பாட்டு போயிட்டிருக்கப்போ பின்னாடி கறுப்பினப் பெண்கள் வந்து நின்னாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, நூத்துக்கும் மேல. டான்ஸ் இல்ல, கோரஸ் இல்ல. நேரா கேமராவைப் பார்த்துட்டு சும்மா நின்னாங்க. அவ்வளவுதான். வீடியோ கிடைச்சா பாருங்க. இவங்க எல்லாம் ஸ்வீடன்ல வாழறவங்க, பலர் அங்கேயே பொறந்திருப்பாங்க, 'நீ எந்த ஊரு'ங்கிற கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பாங்களோ. 'ரத்தத்துலயே இருக்கு'ங்கிறது பாராட்டு மாதிரி இருக்கும். ஆனா அதுக்குள்ள 'நீ இந்த ஊர் இல்ல'ங்கிறது இருக்கு. கேப்ல அண்ணன் சொன்னதும் அதேதானே? "அந்த ஊர்க் குரல் மாதிரி இல்லையே." அந்த ஊர்க் குரல்தாங்க அது. ஹால்ம்ஸ்டாட்ல வளர்ந்து, ஸ்டாக்ஹோம் குளிர்பதனக் கிடங்குல பழகின குரல்.

"அவங்களே அப்பா பேர்ல தட்டு போட்டு, அப்பா வழியைப் பெருமையாச் சொல்லிக்கிறாங்களே, அப்புறம் உனக்கென்ன?"ன்னு ஒருத்தர் கேப்பார்னு தெரியும். தன் அப்பாவைத் தான் சொந்தம் கொண்டாடறது வேற சார். சம்பந்தமே இல்லாத மூணாம் மனுஷன் வந்து "உன் திறமை உன்னுது இல்ல, உங்க அப்பா கண்டத்துது"ன்னு ரசீது கிழிச்சுக் கொடுக்கிறது வேற. 2018-ல வந்த 'ஐம் எ ட்ரீம்' ஆல்பத்துல ஒரு பாட்டுக்கு அவங்க வச்ச பேரு 'ஐ ஓ யூ நத்திங்'. உனக்கு நான் எந்தக் கடனும் படலைன்னு. ரசீதுக்குப் பதில் அங்கே இருக்கு.

கேக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு: ரீமிக்ஸை விட்டுட்டு மூல 'யங்கர்', அப்புறம் 'ஹார்ட் டைம்', 'பிஸ்டல்ஸ் அட் டான்', அதுக்கப்புறம் 'ப்ரிடெண்ட்' முழுசா. ஹெட்போன்ல கேளுங்க, பின்குரல் அடுக்கு கார் ஸ்பீக்கர்ல தெரியாது. நாளைக்கு கேப்ல என் போன்தான் மறுபடியும். அண்ணனுக்கு முதல்ல '7 செகண்ட்ஸ்' போடலாம்னு இருக்கேன், சிக்னல்ல எப்படியும் பத்து நிமிஷம் நிப்போம்.